பழைய மோட்டோகிராஸ் வண்டி: டூ ஸ்ட்ரோக் எடுப்பதா, ஃபோர் ஸ்ட்ரோக் எடுப்பதா?

மேடும் பள்ளமுமான மண் தளத்தில் ரேஸ் ஓடும் மோட்டோகிராஸ் வண்டிகளில், பழைய 250 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்று கைக்கு வருகிறது. அதே நேரத்தில் 500 ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றும் விலைக்கு நிற்கிறது. எதை எடுப்பது? மாடலும் ஆண்டும் மாறினாலும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். கேட்பவர்களில் பலர் குதிரைத்திறன் எவ்வளவு, எடை எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்த இரண்டு எண்களும் வண்டி புதிதாக இருந்த காலத்துக்கு உரியவை. இப்போது அந்த எஞ்சினுக்கு நாற்பது, ஐம்பது வயது. டூ ஸ்ட்ரோக்கும் பழுதாகும், ஃபோர் ஸ்ட்ரோக்கும் பழுதாகும். பழுதாகும் விதம்தான் வேறு. எத்தனை நாளைக்கு ஒருமுறை நிற்கும், நிற்பதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டுமா, மறுபடி ஓட வைக்க உங்கள் கை போதுமா அல்லது வேறொருவர் வேண்டுமா என்பதை வைத்துத்தான் நான் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பேன். இங்கே எழுதப்போவதும் அந்தக் கோணத்தில்தான். நான் பேசுவது ஏறக்குறைய 1960 முதல் 1980-களின் தொடக்கம் வரை வந்த, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளைப் பற்றி.

## எதை வைத்து எடைபோடுவது

வகுப்பு. இதுதான் முதலில். பழைய வண்டிகளுக்கான ரேஸில் நீங்கள் யாரோடு ஓடப்போகிறீர்கள் என்பதை வண்டியின் வயது, சிசி, சஸ்பென்ஷன் எவ்வளவு அசைகிறது என்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் இந்த ரேஸ்களை நடத்தும் ஆர்மா அமைப்பின் வின்டேஜ் மோட்டோகிராஸில் முன்சக்கரம் 7 அங்குலத்துக்கு மேலும் பின்சக்கரம் 4 அங்குலத்துக்கு மேலும் அசையக் கூடாது. பிரிட்டனில் 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கென்றே 'ப்ரீ-65' என்ற பிரிவு இருக்கிறது. இந்த எல்லைகள் ஏதோ ஒரு ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்து வந்தவை அல்ல. 1973-இல் ஹாகன் ஆண்டர்சன் ஒற்றை ஷாக் அப்சார்பர் வைத்த யமஹாவில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் பின்சக்கர அசைவைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிவிட்டன. அதற்கு முன் வந்த வண்டியையும் பின் வந்த வண்டியையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அது ரேஸே இல்லை.

ஆகவே, ஓடப்போகும் கிளப்பின் விதிகளைப் படித்துவிட்டு வண்டி தேடுங்கள். வண்டியை வாங்கிவிட்டு விதியைப் படித்து, ஷாக் அப்சார்பரை மாற்றி, ஃபோர்க்கை மாற்றி, கடைசியில் விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டறை வேலை யார் செய்வது. நீங்களேவா, நண்பரா, கூலிக்கு மெக்கானிக்கா. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

பாகம் கிடைக்குமா. வண்டியின் புகழும் பாகம் கிடைப்பதும் வேறு வேறு. உலகப் பட்டம் வென்ற வண்டிக்கு பிஸ்டன் கிடைக்காமல் போகலாம். யாரும் கண்டுகொள்ளாத வண்டிக்கு எல்லாமே கிடைக்கலாம்.

உடம்பும் தரையும். விழுந்த வண்டியை ஒரு மணி நேரத்தில் மூன்று முறை தூக்கி நிறுத்த முடியுமா? ஓடப்போகும் தரை மணலா, சேறா, இறுகிய மண்ணா?

ஆண்டுக்கு எத்தனை ரேஸ். மூன்று ரேஸ் ஓடுபவருக்கும் பதினைந்து ரேஸ் ஓடுபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## சந்தையில் ஏன் இந்த வண்டிகள் மட்டும் நிற்கின்றன

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் 500 சிசி மோட்டோகிராஸ் முழுக்க ஃபோர் ஸ்ட்ரோக் ராஜ்ஜியம். பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார், மேட்ச்லெஸ் ஜி80சிஎஸ் போன்ற கனத்த வண்டிகள். 1962, 1963-இல் ரோல்ஃப் டிப்ளின் ஹஸ்க்வர்னா ஃபோர் ஸ்ட்ரோக்கிலும், 1964, 1965-இல் ஜெஃப் ஸ்மித் பிஎஸ்ஏ-விலும் உலகப் பட்டம் வென்றார்கள். 250 சிசி வகுப்பில் கதை முன்னாலேயே மாறிவிட்டது. டேவ் பிக்கர்ஸ் 1960, 1961-இல் க்ரீவ்ஸ் டூ ஸ்ட்ரோக்கில் ஐரோப்பியப் பட்டம் எடுத்தார். 1962-இல் உலகப் பட்டமாக அது மாறியபோது டோர்ஸ்டன் ஹால்மன் ஹஸ்க்வர்னா டூ ஸ்ட்ரோக்கில் வென்றார்.

1966-இல் பால் ஃபிரீட்ரிக்ஸ் ஒரு சிஇசட் டூ ஸ்ட்ரோக்கில் 500 சிசி பட்டத்தையும் எடுத்தார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவர்தான். அதே 1966-இல் பிஎஸ்ஏ எடையைக் குறைக்க டைட்டானியத்தில் வண்டியின் சட்டத்தை (ஃபிரேம்) செய்து பார்த்தது. அது விரிசல் விட்டால் ரேஸ் நடக்கும் இடத்தில் வெல்டிங் வைப்பதே பெரும்பாடு. அதற்குப் பிறகு 500 சிசி உலகப் பட்டம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குத் திரும்பியது 1993-இல்தான், ஜாக்கி மார்ட்டென்ஸ் ஹஸ்க்வர்னாவில் வென்றபோது. ஜெஃப் ஸ்மித்தின் கடைசிப் பட்டத்திலிருந்து எண்ணினால் 28 ஆண்டுகள். ஃபோர் ஸ்ட்ரோக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த ஹோண்டாகூட 1973-இல் மோட்டோகிராஸுக்கென்று சிஆர்250எம் எல்சினோர் என்ற டூ ஸ்ட்ரோக்கை இறக்க வேண்டி வந்தது.

இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் இருந்தது சைலன்சர் குழாய். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் வளர்த்தெடுத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர், வெளியே போகும் புகையின் அழுத்த அலையையே திருப்பி அனுப்பி, தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வால்வும் கேமும் இல்லாத எஞ்சினுக்கு, வயிறு பெருத்த ஒரு தகரக் குழாய் அந்த வேலையைச் செய்து கொடுத்தது. எனக்கு இன்றும் இது வியப்புதான்.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி: ரேஸ் ஃபோர் ஸ்ட்ரோக்குகள் சந்தையில் இரண்டு கூட்டமாக நிற்கின்றன. ஒன்று 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள். இன்னொன்று 1976-இல் யமஹா எக்ஸ்டி500, டிடி500 வந்த பிறகு வந்தவை. நடுவில் ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளி. அதில் சிசிஎம், ரிக்மன், செனீ போன்றவர்களின் வண்டிகள் சில உண்டு, மற்றதெல்லாம் டூ ஸ்ட்ரோக்தான். நீங்கள் ஓட விரும்பும் வகுப்பு 1968-க்கும் 1974-க்கும் நடுவில் விழுந்தால் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே பாதி கிடைத்துவிட்டது.

## டூ ஸ்ட்ரோக்

### ஓட்டும்போது

கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால் சிறிய எஞ்சினிலிருந்தே அதிக சக்தி. தலையில் வால்வும் கேமும் இல்லாததால் எடையும் குறைவு. 1973 எல்சினோர் 250 பெட்ரோல் ஊற்றாமல் 100 கிலோவுக்கும் கீழே. நான்கு அங்குலமே அசையும் பின்சக்கரத்தோடு குழியும் மேடும் உள்ள தரையில் பறக்கும்போது இந்த எடைக் குறைவு ஒவ்வொரு மேட்டிலும் தெரியும். ரேஸின் கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் சக்தி ஒரு குறுகிய ஆர்பிஎம் எல்லைக்குள்தான் கொட்டுகிறது. அதற்குக் கீழே வண்டி தூங்கும், அதற்குள் நுழைந்ததும் பாயும். கிளட்சையும் கியரையும் ஓயாமல் வேலை வாங்க வேண்டும். எல்லா டூ ஸ்ட்ரோக்கும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். 1971-இல் வந்த சுசுகி டிஎம்400 சக்தியைத் திடீரென்று கொட்டுவதற்கே பெயர் போனது. முதல் வண்டியாக அதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். 250-க்குள் நின்றுகொள்ளுங்கள்.

த்ராட்டிலை மூடினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. தெருவண்டி ஓட்டிப் பழகியவருக்கு முதலில் பயமாக இருக்கும். ஆனால் குறைந்த சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டியில் இது வரம். வளைவுக்கு முன்னால் உள்ள குழிகளில் பின்சக்கரம் துள்ளாமல் உருண்டு போகும்.

### பட்டறையில்

பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் உயிர். அந்தக் காலக் கையேடுகள் பலவற்றில் 20-க்கு 1 என்று இருக்கும், அதாவது லிட்டருக்கு 50 மில்லி. இன்றைய நல்ல ஆயிலோடு 32-க்கு 1 போடுபவர்கள் அதிகம், அது லிட்டருக்கு சுமார் 31 மில்லி. இங்கே எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆயிலைக் கூட்டினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து 32-லிருந்து 20-க்கு மாறுகிறார்கள், கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டை மாற்றுவதில்லை. ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். பாதுகாப்புக்காகச் செய்த வேலையே பிஸ்டனைச் சிலிண்டரோடு இறுகிப் பிடிக்க வைத்துவிடும்.

எனக்கு ஒருமுறை நீண்ட இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. முழு வேகத்தில் மேட்டைத் தாண்டி, த்ராட்டிலை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். த்ராட்டில் மூடியதும் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடுகிறது, எஞ்சினோ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. விரல் கிளட்சின் மேலேயே இருந்ததால் விழாமல் தப்பினேன். பிரித்துப் பார்த்தபோது மேக்னட் பக்கத்து கிராங்க் சீல் கல்லாக இறுகியிருந்தது. அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்தே ஓடியிருக்கிறது. அறிகுறிகள் எல்லாம் முன்பே இருந்தன: ஐடிலில் நிற்காமல் ஆர்பிஎம் தானாக ஏறும், பிளக் வெளுத்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை. இப்போது எந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வந்தாலும் முதல் வேலை சீல் சோதனை. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, உள்ளே 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சில நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை எங்கே என்று நுரையே காட்டிவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் வேறு விதமாகத் தெரியும்: வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் காரணமில்லாமல் குறையும்.

அந்த இறக்கத்துக்குப் பிறகு சிலிண்டரைக் கழற்றி, உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு), ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் வைத்து, சீல் மாற்றி ஓட்டிவிட்டேன். போர் போட்ட வேலை தவிர மற்றதெல்லாம் சாதாரண ஸ்பேனர் செட்டோடு நானே செய்தது. மேல்பாகத்தைப் பிரித்துப் பூட்ட ஒரு மாலை போதும். டூ ஸ்ட்ரோக்கை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

### கண்ணில் படாத செலவு

சிலிண்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் போர் போட முடியாது. கடைசி ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு வந்த சிலிண்டரை மலிவாகக் கொடுத்தால் மலிவு என்று நம்பாதீர்கள். அடுத்த முறை உள்ளே புதுக் குழாய் வைத்து ஸ்லீவ் போட வேண்டும். கிராங்க் பேரிங்கும் கனெக்டிங் ராடும் போனால் அது வீட்டு வேலை இல்லை. பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, சேர்த்து, நேர் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். புல்டாகோ, ஹஸ்க்வர்னா, மைக்கோ போன்ற ஐரோப்பிய வண்டிகளில் வந்த மோட்டோபிளாட் இக்னிஷன் ரெசினில் புதைத்த கட்டி. செத்தால் திறந்து சரிபார்ப்பது கடினம், வேறொன்று மாட்டுவதே வழி. ஃபைபர்கிளாஸ் டேங்க் உள்ள வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றி வைத்தால் உள்சுவர் கரைந்து பிசினாகி கார்பரேட்டரை அடைக்கும். மக்னீசியத்தில் வார்த்த கேஸ் உள்ள வண்டி ஈரத்தில் கிடந்திருந்தால் பெயின்ட்டுக்குக் கீழே அரித்துப் போயிருக்கும்.

அப்புறம் நேரம். ஆண்டுக்குப் பதினைந்து ரேஸ் ஓடினால் ரிங்கும் பிஸ்டனும் அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். அந்த மாலைகளையும் கணக்கில் சேருங்கள்.

### யாருக்கு இது

தன் கையால் வேலை செய்பவருக்கு, உடல் எடை குறைந்தவருக்கு, இறுகிய மண்ணிலும் குறுகிய வளைவுகளிலும் ஓடுபவருக்கு, 1968–1974 வகுப்பில் முன்னால் வர ஆசைப்படுபவருக்கு.

## ஃபோர் ஸ்ட்ரோக்

### ஓட்டும்போது

வழுக்கும் ஏற்றத்தில் ஒரு பெரிய ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கின் பின்னால் போய்ப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்குகள் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் இடத்தில் அது தட் தட் என்று ஏறிப் போகும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் டயருக்கு மண்ணைத் திரும்பப் பிடிக்க ஒரு கணம் கிடைக்கிறது. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை இருப்பதால் கியர் மாற்றுவது பாதியாகக் குறையும். கை, கால், மனம் மூன்றுக்கும் ஓய்வு. நடுவயதைக் கடந்தவர்கள் பலர் இதனால்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். நியாயமான காரணம்.

எதிர்ப்பக்கம் எடை. டிடி500 பெட்ரோல் இல்லாமலே 120 கிலோவை ஒட்டி நிற்கும், அதாவது எல்சினோரைவிட இருபது கிலோவுக்கு மேல் கூடுதல். கோல்ட் ஸ்டார் அதைவிடவும் கனம். த்ராட்டிலை மூடியதும் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடிக்கும். சமதரையில் நல்லது, குழியில் சக்கரம் துள்ளும். பிரிட்டிஷ் வண்டிகளில் இன்னொன்று: 1970-களின் நடுப்பகுதி வரை கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழகிவிடும் என்பார்கள். பதற்றத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். ரேஸில் இறங்கும் முன் வெறும் மைதானத்தில் பல மணி நேரம் ஓட்டுங்கள்.

எடைக் குறையை வெல்ல முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்டென் லுண்டினும் டோர்ஸ்டன் ஹால்மனும் எக்ஸ்டி500 எஞ்சினை இலகுவான சட்டத்தில் வைத்து எச்எல்500 செய்தார்கள். 1977-இல் பெங்ட் ஓபெர்க் அதை உலகப் போட்டியில், டூ ஸ்ட்ரோக்குகளுக்கு நடுவில் ஓட்டி ஒரு ரேஸை வென்றார், ஆண்டு முடிவில் 9-வது இடம். ஆனால் அவர் 1969, 1970-இல் உலகப் பட்டம் வென்றவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

### கிக் அடிப்பது

இதற்குத் தனித் தலைப்பு தேவை. 500 சிசி ஒற்றை சிலிண்டரைக் கண்டபடி உதைத்தால் அது திருப்பி உதைக்கும், கணுக்கால் போகும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, லீவரை விட்டு, த்ராட்டிலைத் தொடாமல் ஒரே முழு உதை. எக்ஸ்டி500-இல் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னலே உண்டு. நிதானமாக நிற்கும்போது இது எளிது. ரேஸின் நடுவில் விழுந்து, எஞ்சின் சூடாக, கார்பரேட்டர் வழிந்து, மற்றவர்கள் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது நிதானம் எங்கிருந்து வரும்? டூ ஸ்ட்ரோக் 250 இரண்டு உதையில் எழுந்துவிடும். ஒரு விழுகையில் ஃபோர் ஸ்ட்ரோக் இழக்கும் நேரம்தான் அதன் உண்மையான பின்னடைவு என்பது என் கருத்து.

### பட்டறையில்

வழக்கமான வேலை மிகக் குறைவு. ஆயில் மாற்று, வால்வு இடைவெளியை (டேப்பட்) பார், செயின் பார். ஆண்டுக்கு மூன்று ரேஸ் ஓடுபவர் பல ஆண்டுகள் எஞ்சினைப் பிரிக்காமலே ஓட்டலாம். பெட்ரோலில் எதையும் கலக்க வேண்டாம்.

சில பழக்கங்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டர்களில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். வாரக்கணக்கில் நின்றால் அது பம்ப் வழியாக மெல்ல இறங்கி கிராங்க் கேஸை நிரப்பிவிடும். தெரியாமல் கிக் அடித்தால் சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் ஆயில் பீறிடும். நீண்ட நாள் நின்ற வண்டியில் முதலில் கீழே உள்ள நட்டைத் திறந்து வடித்துவிடுங்கள். எக்ஸ்டி, டிடி வண்டிகளில் ஆயில் சட்டத்துக்குள் இருக்கிறது. நின்ற வண்டியில் அளவு பார்த்தால் குறைவாகக் காட்டும். நம்பி ஊற்றினால் மிகுந்துவிடும். ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

இனி, அது பழுதாகும் விதம். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் மூன்று ஆண்டுகள் தன் 500-ஐ ஆயில் மாற்றுவதைத் தவிர எதுவும் செய்யாமல் ஓட்டினார். நான்காம் ஆண்டு ஒரு ரேஸில் கீழ் கியரைத் தவறாகப் போட்டு எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிவிட்டது. தளர்ந்திருந்த வால்வு ஸ்பிரிங்கால் வால்வை நேரத்தில் இழுத்து மூட முடியவில்லை. பிஸ்டன் வால்வை அடித்தது, வால்வின் தலை உடைந்து உள்ளே விழுந்தது. பிஸ்டன், ஹெட், சிலிண்டர், கனெக்டிங் ராடு எல்லாம் ஒரு நொடியில் போயின. என் டூ ஸ்ட்ரோக் மூன்று ஆண்டுகளில் நான்கு முறை சின்னச் சின்னதாகக் கேட்டதை அது ஒரே நாளில், பல மடங்காகக் கேட்டது. ஸ்பிரிங்கை இரண்டாம் ஆண்டிலேயே மாற்றியிருந்தால் அந்த எஞ்சின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் ஒரு சின்னப் பாகம்.

### கண்ணில் படாத செலவு

ஹெட் வேலைதான் பெரியது. வால்வு, கைடு, சீட், கேம், ராக்கர், டைமிங் செயின். ஒன்றைத் திறந்தால் இன்னொன்றும் தேய்ந்திருப்பது தெரியும். கேமின் முனை தேய்ந்திருந்தால் அதோடு உரசும் ராக்கரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் பழைய மேக்னட்டோக்களுக்கு ஒருநாள் புதுச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும். சத்தக் கட்டுப்பாடு உள்ள தளங்களில் திறந்த சைலன்சரோடு அனுமதிக்க மாட்டார்கள்.

எஞ்சினுக்கு வெளியேயும் ஒரு பொறி இருக்கிறது. 1979-இல் வந்த ஹோண்டா எக்ஸ்ஆர்500-க்கு முன்சக்கரம் 23 அங்குலம். எஞ்சின் அருமையானது. ஆனால் அந்த அளவில் நல்ல ரேஸ் டயர் தேடி அலுத்துவிடுவீர்கள். பலர் 21 அங்குல ரிம் மாற்றிக்கொள்கிறார்கள். விலை பேசும்போதே ரிம், ஸ்போக்ஸ் செலவைச் சேர்த்துவிடுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. டிடி500 எஞ்சினின் குடும்பத்தில் வந்ததுதான் யமஹாவின் தெருவண்டியான எஸ்ஆர்500, அதிலிருந்து வந்த எஸ்ஆர்400-இன் விற்பனை 2021 வரைக்கும் நீடித்தது. அதனால் பல பாகங்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. பழைய மோட்டோகிராஸ் வண்டிகளில் இப்படி ஒரு வசதி அரிது. பிஎஸ்ஏ ஒற்றை சிலிண்டர்களுக்கும் தெருவண்டிகள் நிறைய ஓடியதால் மறுதயாரிப்புப் பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

### யாருக்கு இது

ஆண்டுக்குச் சில ரேஸ் மட்டும் ஓடி, நடுவில் வண்டியைத் தொடாமல் வைக்க விரும்புபவருக்கு. சேறு, மணல், நீண்ட ஏற்றம் உள்ள தளங்களுக்கு. உயரமும் எடையும் உள்ள ஓட்டுநருக்கு. ப்ரீ-65 வகுப்பின் பெரிய வண்டிகளுக்கு. ஹெட் வேலை தெரிந்த நம்பிக்கையான மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | டூ ஸ்ட்ரோக் 250 | ஃபோர் ஸ்ட்ரோக் 500 |
|---|---|---|
| பொருந்தும் வகுப்பு | 1960-களின் நடுவிலிருந்து எல்லாவற்றிலும் | ப்ரீ-65, 1976-க்குப் பிந்தையது |
| எடை | குறைவு | அதிகம் |
| சக்தி வரும் விதம் | குறுகிய எல்லையில் திடீரென்று | கீழிருந்தே சீராக |
| எஞ்சின் பிடிப்பு | கிட்டத்தட்ட இல்லை | பலமாக உண்டு |
| விழுந்த பின் ஸ்டார்ட் | சுலபம் | பொறுமை வேண்டும் |
| வழக்கமான வேலை | அடிக்கடி, சிறியது | எப்போதாவது, எளியது |
| பெரிய பழுது | பிஸ்டன் பிடித்தல், பெரும்பாலும் மேல்பாகத்தோடு முடியும் | வால்வு உடைதல், எஞ்சின் முழுவதும் போகலாம் |
| முன் அறிகுறி | பெரும்பாலும் காட்டும் | சில நேரம் மட்டுமே |
| வீட்டில் செய்யலாமா | மேல்பாகம் செய்யலாம், கிராங்க் முடியாது | டேப்பட், ஆயில் செய்யலாம், ஹெட் வேலை கடினம் |

என்னிடம் கேட்டால், முதல் பழைய ரேஸ் வண்டியாக 250 டூ ஸ்ட்ரோக்கைத்தான் சொல்வேன், அதுவும் ரீட் வால்வு (உள்ளே போன கலவை கார்பரேட்டர் பக்கம் திரும்பாமல் தடுக்கும் மெல்லிய தகடு) உள்ளதாக. 1972 வாக்கில் யமஹா வண்டிகளில் அது வந்த பிறகு கீழ் ஆர்பிஎம்மில் வண்டி தூங்குவது வெகுவாகக் குறைந்தது. புதியவர் தப்புச் செய்வார். டூ ஸ்ட்ரோக் அந்தத் தப்புக்குக் குறைந்த தண்டனை கொடுத்து, ஏன் என்பதையும் பிளக்கின் நிறத்தில் எழுதிக் காட்டும். பட்டறையே பிடிக்காது, ஓட்டுவது மட்டும்தான் பிடிக்கும் என்பவருக்கு மட்டும் டிடி500 சொல்வேன். வாங்கிய மாதமே ஸ்பிரிங், டைமிங் செயின், வால்வு மூன்றையும் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

## வண்டியைப் பார்க்கப் போகும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டாம். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை.

டூ ஸ்ட்ரோக் என்றால் சிலிண்டரில் இப்போது எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் கடைசி சைஸ் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்து பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். செங்குத்தாகக் கோடு கோடாக உரசல் தெரிந்தால் அது ஒருமுறையாவது பிடித்திருக்கிறது. மேக்னட் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், கிராங்க் பேரிங்கில் ஆட்டம் தெரியக் கூடாது.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் டேப்பட் மூடிகளைத் திறந்து ராக்கரின் முனையை விரலால் தடவுங்கள். பள்ளமோ சொரசொரப்போ இருந்தால் கேமும் அப்படித்தான் இருக்கும். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி பின்னால் போய் நில்லுங்கள். த்ராட்டிலைத் திறந்து மூடியதும் ஒரு நீலப் புகை வந்து போனால் வால்வு கைடில் ஆட்டம். திறந்து பிடித்திருக்கும்போதும் புகை நிற்காமல் வந்தால் ரிங். முதலாவதற்கு ஹெட் மட்டும் இறங்கும், இரண்டாவதற்கு சிலிண்டரும் இறங்கும். விலை பேச ஆரம்பிக்கும் முன் இரண்டில் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.